தண்ணீர் மாசைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டம் போட முடியுமா?

கேள்வி இதுதான்: "1974-லிருந்து மத்திய சட்டம் இருக்கிறது. ஆறும் ஏரியும் சாக்கடையானதுதான் மிச்சம். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது தமிழ்நாடு சட்டமன்றமே கடுமையான தண்டனையோடு ஒரு மசோதா கொண்டுவரலாமே? முடியாதா, மனமில்லையா?"

முடியாது என்பதில் பாதி உண்மை, மனமில்லை என்பதில் பாதி உண்மை. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்காததால்தான் இந்தப் பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் அதே இடத்தில் நிற்கிறது. நான் வக்கீல் இல்லை. தண்ணீர் பரிசோதிக்கும் கெமிஸ்ட்டாகத் தொடங்கி, பிறகு ஆலைகளின் சுத்திகரிப்பு நிலையங்கள், விவசாயிகளின் வழக்குகள் என்று மாறி மாறி அலைந்தவன். நான் சட்டப் புத்தகத்தைப் பிரித்ததே, எங்கள் ஆய்வக அறிக்கை ஒன்று கோர்ட்டில் செல்லாமல் போன பிறகுதான். அந்தக் கதை கீழே வரும்.

முதலில் முடியாது என்ற பாதி. தண்ணீர் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் போடும் விஷயங்களின் பட்டியலில், 17-வது பதிவு. அதனால் நாடாளுமன்றம் தன்னிச்சையாக நீர் மாசுச் சட்டம் போட வழியில்லை. அரசமைப்பின் 252-வது பிரிவு ஒரு பாதை கொடுக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ மாநிலங்களின் சட்டமன்றங்கள் "எங்களுக்காக நீங்களே சட்டம் இயற்றுங்கள்" என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தால் நாடாளுமன்றம் இயற்றலாம். அப்படி 12 மாநிலங்கள் கேட்டுக்கொண்டதால் வந்ததுதான் நீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974. அதன் முகப்புரையில் அந்தப் பெயர்களைப் பார்க்கலாம். கேரளம் இருக்கிறது, கர்நாடகம் இருக்கிறது, தமிழ்நாடு இல்லை. நாம் பின்னால் சேர்ந்துகொண்டவர்கள். நம் மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரி 27-ல். மாநில விதிகள் வந்தது 1983-ல்.

சேர்ந்தது வரை சரி. அதே 252-ன் இரண்டாவது உட்பிரிவில்தான் பூட்டு இருக்கிறது. இப்படித் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்ட சட்டத்தை அதன் பிறகு மாநிலச் சட்டமன்றம் திருத்தவோ நீக்கவோ முடியாது. நாடாளுமன்றம் மட்டுமே தொடலாம். ஊர்ப் பாஷையில் சொன்னால், சொத்து நம்முடையதுதான், ஆனால் ரத்து செய்ய முடியாத பவர் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. 1974-க்கு முன்னால் மாநிலங்கள் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டன. ஒடிசா 1953-லேயே ஆற்று மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றியது, மகாராஷ்டிரம் 1969-ல் இயற்றியது. அந்தக் கதவு இப்போது பெருமளவு சாத்தியிருக்கிறது.

அதன் மேல் இன்னொரு தாழ்ப்பாள் 1986-ன் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். அது 252-ன் வழியாக வரவில்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளை நிறைவேற்றுவதாகச் சொல்லி 253-வது பிரிவின் கீழ் வந்தது. சர்வதேச உடன்பாட்டுக்காக என்றால் நாடாளுமன்றம் மாநிலப் பட்டியலுக்குள்ளும் கைவைக்கலாம். கழிவுநீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்ற தேசிய அளவுகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் விதிகளில்தான் இருக்கின்றன.

இதையெல்லாம் மீறி மாநிலம் தனிச் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பக்கத்து வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலையால் நிலத்தடி நீர் கெட்டதற்கும் வற்றியதற்கும் இழப்பீடு வாங்கித் தர, கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் ஒரு சிறப்புத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. அரசு அமைத்த உயர்மட்டக் குழு போட்ட சேதக் கணக்கு 216 கோடி ரூபாய்க்கு மேல். மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போனது. "இதற்குத்தான் 2010-லிருந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இருக்கிறதே" என்பது மத்திய அரசின் ஆட்சேபம். வருடக் கணக்கில் கிடந்து, ஒப்புதல் இல்லாமலே திரும்பியது. ஆலை 2004-லேயே மூடிவிட்டது. இழப்பீடு மட்டும் வரவில்லை.

ஆக, 1974 சட்டத்தோடு நேரடியாக மோதும் போட்டிச் சட்டம் ஒன்றை யாராவது மேடையில் வாக்குக் கொடுத்தால், 252(2) பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

இப்போது 2024-க்கு வருவோம். மாநிலச் சட்டமன்றங்களின் முன் உண்மையிலேயே நிற்கும் கேள்வி இதுதான், ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நீர்ச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தது. முதலில் அது இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் இவற்றுக்கு மட்டும் பொருந்தியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றும் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அங்கே செல்லும். ஏற்கும் நாள் வரை அந்த மாநிலத்தில் பழைய சட்டமே.

திருத்தம் என்ன செய்கிறது? விஷக் கழிவை ஆற்றில் விட்டால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றுகிறது. விசாரிப்பவர் நீதிபதி இல்லை. மத்திய அரசின் இணைச் செயலாளர் அல்லது மாநில அரசின் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரி. அவர் முடிவை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் போகலாம், அபராதத்தில் 10 சதவீதம் கட்டிவிட்டு. வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஆலை நடத்தினால் சிறை என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் எந்த வகை ஆலைகளுக்கு இசைவாணையே வேண்டாம் என்று விலக்குக் கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்குப் போகிறது. மாநில வாரியத் தலைவரை நியமிக்கும் முறையையும் மத்திய விதிகளே தீர்மானிக்கும். கட்டும் அபராதமும் மத்தியச் சட்டத்தின் கீழ் உள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதிக்குத்தான் போய்ச் சேருகிறது.

இந்த 10,000 ரூபாய் எனக்கு ஒரு பழைய எண்ணை நினைவூட்டுகிறது. 1996 ஆகஸ்ட் 28-ல், வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த பாலாற்று வழக்கில், உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் விதித்த மாசு அபராதமும் சரியாக 10,000 ரூபாய்தான். 28 வருஷம் கழித்து வந்த திருத்தத்தின் கீழ்வரம்பும் அதே 10,000. அந்த இடைவெளியில் வேறு எதன் விலையாவது அசையாமல் நின்றதா என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

ஆனால் சிறைத் தண்டனையை எடுத்ததற்காக நான் அழப்போவதில்லை. இங்கேதான் கேள்வி கேட்டவரோடு எனக்கு முரண்பாடு. "கடுமையான தண்டனை" என்கிறார். ஆறு வருஷச் சிறை என்பதைவிடக் கடுமை என்ன வேண்டும்? அது ஏட்டில் இருந்த காலத்தில்தானே நொய்யலும் பாலாறும் கெட்டன? தண்டனைப் பிரிவு எவ்வளவு கனமாக இருந்தாலும், அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேனைத் தாண்டியாக வேண்டும்.

அந்தக் கேன் கதை இது. சட்டத்தின் 21-வது பிரிவு மாதிரி எடுப்பதைப் பற்றியது. அதிகாரி போய் மாதிரி எடுக்கும்போதே, அந்த இடத்திலேயே, ஆலைப் பொறுப்பாளரிடம் "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று குறித்த படிவத்தில் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். பொறுப்பாளர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு கேனிலும் அடையாளம் எழுதி, சீல் வைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று வாரிய ஆய்வகத்துக்கு. ஆலைக்காரர் கேட்டால் இன்னொன்று மாநில நீர் ஆய்வகத்துக்கு. இந்த வரிசையில் ஒன்று பிசகினாலும் அந்த அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க முடியாது. அதையும் அந்தப் பிரிவே சொல்கிறது.

நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு ஒருநாள் சாயங்காலம் அப்படி ஒரு பெட்டி வந்தது. ஐஸ் முக்கால்வாசி கரைந்திருந்தது. கரைந்த ஆக்சிஜனை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அளக்க முடியாது, வாய்க்கால் கரையிலேயே நிலைப்படுத்த வேண்டும். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட் இரண்டு மில்லி, காரம் கலந்த அயோடைடு இரண்டு மில்லி விட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்குவோம். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு சுருள் சுருளாக இறங்கும். சுத்தமாக இல்லையென்றால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாக இறங்கும். அன்று வந்த பாட்டில் வெள்ளை. அதற்கப்புறம் எந்தக் கருவியும் தேவையில்லை, அந்த வாய்க்காலில் ஒரு மீன் குஞ்சு இருக்க வாய்ப்பில்லை. பி.ஓ.டி. எண்ணும் (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜனின் அளவு, கூடக் கூட அழுக்கு அதிகம்) அனுமதித்த அளவைப் பல மடங்கு தாண்டியிருந்தது. அறிக்கை எழுதிக் கொடுத்தோம். வழக்கு விசாரணைக்கு வர வருஷங்கள் ஆயின. வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் பி.ஓ.டி. பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நோட்டீஸ் எந்தத் தேதியில், எந்த மணிக்கு, யார் கையில் கொடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மாதிரி எடுத்த மறுநாள்தான் தபாலில் போயிருக்கிறது. முடிந்தது. ஆலையின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மாதிரி எடுத்தவர் யோக்கியமான மனிதர். ஒரே ஆளாக இரண்டு தாலுகா பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், குற்ற வழக்கைவிட சிவில் அபராதம் வேகமாக நடக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அநியாயம் எங்கே என்றால் மேல்வரம்பில். பெரிய ஆலை ஒன்றுக்கு 15 லட்சம் என்பது தண்டனை ஆகாது, செலவுக் கணக்கில் ஒரு வரி. சுத்திகரிப்பு நிலையத்தை இரவில் நிறுத்தி வைத்து மிச்சப்படுத்தும் கரண்ட் பில்லோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நானும் கணக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து அந்த ஒப்பீட்டைப் பார்த்திருக்கிறேன். சேதத்தின் அளவுக்கு இழப்பீடு என்ற பாதை இதற்கு வெளியே தனியாக இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 4-ல் உச்ச நீதிமன்றம், நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின் கீழ் மாசு வாரியங்களே சேதத்துக்கான இழப்பீட்டை விதிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதற்கான விதிமுறைகளை வகுத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

33ஏ என்றதும் நொய்யல் ஞாபகம் வருகிறது. அந்தப் பிரிவு 1988 திருத்தத்தில் சேர்ந்தது. ஆலையை மூடவும், மின் இணைப்பையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். சில வருஷத்திலேயே அது சாயத் தண்ணீர்த் தொட்டியானது. தண்ணீர் திறந்துவிடு என்று போராடுவதுதான் ஆயக்கட்டு விவசாயியின் வழக்கம். இங்கே விவசாயிகள் தண்ணீரைத் திறக்காதே என்று கோர்ட்டுக்குப் போனார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்க வழக்கில் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காமல் 2011 ஜனவரி 28-ல் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி, மின்சாரத்தையும் துண்டிக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சொட்டுக் கழிவு வெளியே விடாத முறைக்கு மாறியது அந்தப் பியூஸ் பிடுங்கிய பிறகுதான். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான். புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. இருந்த பிரிவைப் பயன்படுத்த ஒரு கோர்ட் உத்தரவும், மாறிக்கொள்ளப் பணமும் தேவைப்பட்டன.

(அந்த முறையிலும் வில்லங்கம் உண்டு. தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது? மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கி வைத்திருப்பதைப் போய்ப் பாருங்கள். அது தனிக் கதை.)

இப்போது மனமில்லை என்ற பாதிக்கு வருகிறேன். மாநிலம் தாராளமாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. அதில் முதலாவது, ஆற்றுக்கு அளவு வைப்பது. இன்றைய முறை குழாயின் வாயில் அளக்கிறது, ஆற்றை அளந்து குழாயைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., தமிழ்நாட்டில் 2,100 வரை. இரண்டுமே செறிவு, மொத்த எடை இல்லை. ஒரு பட்டறையில் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவு, அதில் உப்பு லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று வையுங்கள். மொத்தம் 600 கிலோ உப்பு. இரண்டு லட்சம் லிட்டர் போர்த் தண்ணீரை அதில் கலந்துவிட்டால் செறிவு 2,000-க்கு இறங்கிவிடும். வரம்புக்குள் வந்தாச்சு. வயலுக்குப் போகும் உப்பு அதே 600 கிலோ. கூடவே இரண்டு லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரும் போச்சு. கலந்து விடக் கூடாது என்று இசைவாணையில் நிபந்தனை இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அதை யார் பார்ப்பது?

அந்த 30 என்ற எண்ணுக்குள்ளே இருக்கும் நம்பிக்கையையும் பாருங்கள். கழிவுநீருக்கு இப்படி ஒற்றை எண் வைக்கும் பழக்கம் பிரிட்டனின் கழிவுநீர் ராயல் கமிஷன் 1912-ல் கொடுத்த எட்டாவது அறிக்கையிலிருந்து பரவியது. அவர்கள் சொன்னது பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 30. கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார்கள்: ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஓட வேண்டும். நாம் எண்ணை எடுத்துக்கொண்டோம், எட்டு மடங்குத் தண்ணீரை எங்கே போய் எடுப்பது? சித்திரை மாதத்தில் திருமணிமுத்தாற்றிலோ கூவத்திலோ ஓடுவதே கழிவுநீர்தான். சுத்திகரித்துக் குடிநீராக்கத் தக்க ஆற்று நீரில் பி.ஓ.டி. 3-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. வறண்ட ஆற்றில் எல்லா ஆலையும் சட்டப்படி 30-ல் விட்டாலும் ஆறு அதைப்போலப் பத்து மடங்கு கெட்டிருக்கும். யார் மீதும் வழக்குப் போட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், 1974 சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. "ஓடை" என்பதற்கு அவர்கள் கொடுத்த விளக்கத்தில், ஓடிக்கொண்டிருந்தாலும் தற்சமயம் வறண்டிருந்தாலும் அது நீரோடைதான் என்று இருக்கிறது. வரையறை நம் ஆறுகளைப் பார்த்து எழுதியது, அளவு வேறு நாட்டு ஆற்றைப் பார்த்து வந்தது. இதைச் சரிசெய்ய மாநில வாரியத்துக்குச் சட்டத் திருத்தமே தேவையில்லை. 17-வது பிரிவின் கீழ், அந்தந்த ஆற்றின் நிலைமைக்கேற்பத் தேசிய அளவைவிடக் கடுமையான அளவை நிர்ணயிக்கலாம். இந்த ஆற்றுப் பகுதி ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ மாசைத்தான் தாங்கும், அதை இத்தனை பேருக்குப் பங்கு போடுகிறோம் என்ற முறையை அமெரிக்காவில் 1972 சட்டத்தின் கீழ் மாநிலங்கள் செய்கின்றன. இங்கே காவிரி நீரைப் பங்கு போடப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது. 2018-ல் மத்திய வாரியம் நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு பகுதிகள்: காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. இந்த ஆறு பகுதிகளிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது விஷயத்தைச் சொன்னால் எல்லோருக்கும் சங்கடம், ஏனென்றால் வில்லன் வேட்டி கட்டிய முதலாளி இல்லை, நாம்தான். நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர் என்று மத்திய வாரியம் 2021-ல் கணக்குச் சொன்னது. சுத்திகரிக்கக் கட்டி வைத்த திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர் அளவுக்கு. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அப்படியே வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போகிறது. ஆலை விட்டால் மூடலாம். நகராட்சி விட்டால்? கக்கூஸ்களுக்கு 33ஏ உத்தரவு போட முடியாது. நகராட்சிக்கு அபராதம் போட்டால் அதே வரி கட்டும் மக்கள் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும்.

இந்த இடத்தில் மாநிலத்தின் கையை யாரும் கட்டவில்லை. உள்ளாட்சி, பொது சுகாதாரம், வடிகால் எல்லாம் மாநிலப் பட்டியல். கழிவுநீர்க் குழாய் இணைப்பு முடியாமல் புது மனைப் பிரிவுக்கு அனுமதி இல்லை, நிலையம் ஓடும் திறனைத் தாண்டி அடுக்குமாடிக்கு ஒப்புதல் இல்லை, செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டியது என்பதற்கு ரசீது இல்லாமல் அடுத்த நடை இல்லை என்று ஒரு மாநிலச் சட்டம் சொன்னால் டெல்லியிடம் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது உள்ளூர் ரியல் எஸ்டேட்காரரிடம். மசோதா வராததற்கு அரசமைப்பைக் காரணம் சொல்வது சுலபம் என்று இப்போது புரிகிறதா?

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. 1989 மார்ச் 30-ல் வந்த சுற்றுச்சூழல் துறை அரசாணை எண் 213. ஆறு, ஏரி முதலிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் ஆலைகள் வரக் கூடாது என்று பட்டியலோடு சொன்னது. 1998 மே 8-ல் அரசாணை எண் 127, காவிரி, பாலாறு, வைகை, தாமிரபரணி உள்ளிட்ட ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டர் ஆக்கியது. 213-ஐ உடனே அமல்படுத்து என்று 1996 பாலாற்றுத் தீர்ப்பே கட்டளையிட்டிருக்கிறது. நாட்டில் பல மாநிலங்களுக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் அரசாணை அரசாணைதான். ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து, தளர்த்திவிடலாம். சட்டமன்றத்தில் பேச வேண்டியதில்லை, எதிர்க்கட்சி எழுந்து நிற்கப் போவதில்லை, செய்தியாகக்கூட வராமல் போகலாம்.

இந்த இரண்டு அரசாணைகளையும் சட்டமாக்க வேண்டும். எங்கே ஆலை வரலாம் என்பது நிலம், பொது சுகாதாரம் பற்றியது, 1974 சட்டத்தோடு மோதாது. முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 2020-ல் டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. தாமிர உருக்காலை, துத்தநாக உருக்காலை, எண்ணெய் எரிவாயுத் துரப்பணம் போன்றவற்றைப் புதிதாக அனுமதிக்க முடியாது என்று அட்டவணையிலேயே எழுதினார்கள். ஏற்கெனவே இருப்பவற்றைத் தொடாதது அதன் பலவீனம், அது இருக்கட்டும். மண்டலத்துக்குச் செய்ய முடிந்ததை ஆற்றங்கரைக்கும் செய்யலாம்.

பாலாற்றைப் பொறுத்தவரை 1996 தீர்ப்போடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தால், 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் அதே ஆறு, அதே தோல் கழிவு, அதே இழப்பீடு பற்றி மறுபடி தீர்ப்பு எழுதியிருக்கிறது. விடுபட்ட குடும்பங்களுக்கு அரசு முதலில் கொடு, பிறகு ஆலைகளிடம் வசூல் செய், மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்று. முதல் தீர்ப்பு வந்தபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும்.

கடைசியாக, வரைவு மசோதா ஒன்று எப்போதாவது உங்கள் கைக்கு வந்தால் தண்டனைப் பிரிவைப் பிறகு படியுங்கள். நேராகக் கடைசிப் பக்கத்து அட்டவணைக்குப் போங்கள். ஆறுகளின் பெயர் இருக்கிறதா, பெயருக்கு நேரே எண் இருக்கிறதா, இல்லை "அரசு அவ்வப்போது விதிக்கும் அளவு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று பாருங்கள். தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீருக்கு ஒரு முழுச் சட்டம் இயற்றியது. பதிவு, அனுமதி, ஆணையம், தண்டனை எல்லாம் அதில் இருந்தன. நடைமுறைப்படுத்தாமலே பத்து வருஷம் வைத்திருந்து, 2013-ல் ரத்து செய்தார்கள்.